கிடேரி எப்போது சினைக்குத் தயார்?

ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு கலப்பினக் கிடேரிக் கன்றுகள் இரண்டு வீடுகளில் வளர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஒன்றரை வயதிலேயே சினைக்குத் தயாராகிவிடுகிறது. மற்றதற்கு மூன்று வயதாகியும் பருவத்தின் அறிகுறியே இல்லை. 'மலட்டு மாடு' என்று சொல்லி அதைச் சந்தைக்கு ஓட்டிச் செல்ல முற்படுகிறார்கள். அது உண்மையிலேயே மலடுதானா?

வயதா, எடையா?

கிடேரியின் பருவத்தை நாட்காட்டியைவிடத் தராசே சரியாகச் சொல்லும். முழு வளர்ச்சி பெற்ற பசுவின் எடையில் ஏறத்தாழப் பாதியை எட்டும்போது கிடேரி பருவமடைகிறது. ஆயினும் நூற்றுக்கு அறுபது பங்கு எடை வந்த பின்னரே சினைப்படுத்துவது நல்லது. கலப்பினத்திற்கு இது சுமார் 250 கிலோ. அவசரப்பட்டால் இடுப்பெலும்பு போதிய அகலம் பெறாமல், கன்று ஈனுவது கடினமாகும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 25 கிலோ எடையுடன் பிறந்த கன்று 250 கிலோவை எட்ட 225 கிலோ வளர வேண்டும். நாளொன்றுக்கு 400 கிராம் வளர்ந்தால் இதற்குப் பதினெட்டரை மாதம் ஆகும். 200 கிராமே வளர்ந்தால் 37 மாதம்! சினைக்காலமான 280 நாட்களையும் கூட்டிப் பாருங்கள். முதல் வீட்டில் 28-ஆம் மாதம் பால் கறக்கும். இரண்டாம் வீட்டில் 46-ஆம் மாதம்தான். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டும் தீவனச் செலவு உண்டு, வருமானம் இல்லை.

உடலுக்குள் நடப்பது என்ன?

மூளையிலுள்ள ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது சூலகத்தை இயக்குகிறது. இளங்கன்றில் சூலகம் சுரக்கும் சிறிதளவு ஈஸ்ட்ரோஜனே இந்த இயக்கத்திற்குக் கடிவாளம் போட்டுவிடுகிறது. உடல் வளர வளர அக்கடிவாளம் தளர்கிறது. உடலில் போதிய சேமிப்பு உள்ளதென்னும் செய்தியை, கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் மூளைக்குத் தெரிவிக்கிறது. இந்த ஹார்மோன் 1994-இல் கண்டறியப்பட்டது. பட்டினி கிடக்கும் உடல் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போடுவது இதனால்தான்.

வெப்பநாட்டின் தடைகள்

கோடையில் புல் காய்கிறது. அதில் புரதமும் பாஸ்பரசும் குறைகின்றன. வெயிலின் கடுமையால் மாடு தீனியையும் குறைத்துக்கொள்கிறது. தின்றதிலும் ஒரு பங்கைக் குடற்புழுவும் உண்ணியும் பறித்துவிடுகின்றன. இனமும் ஒரு காரணம். நல்ல தீவனம் பெறும் ஃபிரீசியன் கிடேரி ஓராண்டுக்குள் பருவமடையும். திமிலுள்ள நம் நாட்டு இனங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். நாட்டு மாடுகளில் வேட்கை அறிகுறிகள் சில மணி நேரமே, அதுவும் பல வேளைகளில் இரவில் தோன்றி மறையும். ஆகவே, 'பருவம் வரவில்லை' என்பது சில சமயம் 'நாம் பார்க்கவில்லை' என்பதே. காளைக்கன்றோடு இரட்டையாய்ப் பிறந்த கிடேரிதான் பெரும்பாலும் உண்மையான மலடு.

நீங்களே அளக்கலாம்

தராசு இல்லையா? தையல்காரரின் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறத்தாழக் கிடைக்கும். சுற்றளவு 56, நீளம் 52 எனில் எடை 247 கிலோ.

மூன்று வயதுக் கிடேரியைச் சந்தைக்கு ஓட்டுமுன் இந்த நாடாவைச் சுற்றிப் பாருங்கள். எடை குறைவாயிருந்தால், அதற்குத் தேவை பசுந்தீவனமும் தாது உப்பும் குடற்புழு மருந்தும்தான். எடை போதுமென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 'மலடு' என்ற தீர்ப்பை அதன் பின்னர் சொல்லலாம்.