உறைப்பும் சுவையும்

“கார்ப்பு அறுசுவைகளுள் ஒன்றென்று தமிழ்ப் பாடத்தில் படித்தோம். விஞ்ஞான ஆசிரியரோ அது சுவையே அன்று என்கிறார். எதை நம்புவது, சேர்?” என்று வகுப்பிலே ஒரு மாணவி என்னைக் கேட்டாள். “இரண்டும் சரிதான்” என்று சமாளித்துவிட்டேன். வீடு திரும்பிய பின்னரும் அவ்வினா என்னை விட்டகலவில்லை.

நம் முன்னோர் கார்ப்பை ஒரு சுவையாக எண்ணியபோது மிளகாயை மனத்திற் கொண்டிருக்க முடியாது. சங்க நூல்களில் ‘கறி’ என்பது மிளகையும் குறிக்கும். மிளகும் திப்பிலியும் சுக்குமே அக்காலத்தில் கார்ப்புக்கு உரியனவாய் இருந்தன. மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492ஆம் ஆண்டிலே ஆசியாவின் செல்வங்களைத் தேடிக் கடலேறிய கொலம்பஸ், மிளகுக்குப் பதிலாக மிளகாயைக் கண்டார். அடுத்த நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் வழியாக அது இந்தியக் கரையை அடைந்தது. மிளகுபோல் எரிக்குங் காய் ஆதலின் ‘மிளகாய்’ எனப் பெயர் பெற்றது. நம் நாட்டிற் பலர் வழங்கும் ‘கொச்சிக்காய்’ என்னும் பெயரும் ஒரு துறைமுகத்தை நினைவூட்டுகின்றது. விருந்தாளியாக வந்த காய் மிளகின் பெயரையும் அறுசுவையில் அதற்கிருந்த இடத்தையும் ஒருங்கே பெற்றுக்கொண்டது.

விஞ்ஞானம் கூறுவது யாது? உறைப்பைத் தருவது கப்சைசின் என்னும் பொருள். பலரும் எண்ணுவதுபோல் அது விதையில் உண்டாவதன்று; விதைகளைத் தாங்கும் வெண்ணிறச் சதையில் உண்டாவது. நரம்பு நுனிகளில் அதனை ஏற்கும் வாயிலை 1997இல் டேவிட் ஜூலியஸ் என்பாரின் குழுவினர் கண்டறிந்தனர். 2021இல் நோபல் பரிசின் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை நமக்கு உணர்த்துவதும் அதே வாயில்தான். ஆதலால் மிளகாயைக் கடித்தவனுக்கு வாயில் நெருப்புப் பட்டதென்றே மூளை அறிவிக்கின்றது. நாக்கு மட்டுமன்றிக் கண்ணும் எரிவது இதனாலேயே. உறைப்பு சுவையன்று, சுடுதலே.

அப்படியாயின் மிளகாய்க்குச் சுவையே இல்லையா? உண்டு, ஆனால் அது உறைப்பினின்றும் வேறானது. காஷ்மீர மிளகாய் கறிக்குச் செந்நிறத்தைக் கொடுத்து, உறைப்பைக் குறைத்தே கொடுக்கும். கர்நாடகத்துப் பியாடகி மிளகாய் சுருங்கிய தோலும் நல்ல மணமும் உடையது. குண்டூர் மிளகாயின் பெருமையோ அதன் உறைப்பு. நம் சிங்கள அயலவர் ‘நை மிரிஸ்’ என்னும் காயில் கடும் உறைப்போடு பழவாசனையும் கமழும். அதன் இனத்தைச் சேர்ந்த, வெனிசுவேலாவில் விளையும் ‘அஜி துல்சே’ என்னும் காயிலே வாசனை உண்டு, உறைப்போ பெயரளவுக்கே. மணமும் உறைப்பும் தனித்தனியானவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மெக்சிக்கோவிலே ‘போப்லானோ’ என்னும் பச்சைக்காய், பழுத்து உலர்ந்ததும் ‘ஆன்சோ’ என வேறு பெயர் பெறுகின்றது. உலர்ந்தபின் அதன் சுவையும் மாறிவிடுகின்றதன்றோ?

உறைப்பை அளக்கும் முறையொன்றை 1912இல் வில்பர் ஸ்கோவில் வகுத்தார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரிற் கரைத்து, எரிவு தோன்றாதொழியும் வரை நீர்ப்படுத்தி எண்ணும் முறை அது. இன்று கருவிகள் அளக்கின்றன, அளவை போட்டியாகிவிட்டது. 2007இல் இந்தியாவின் வடகிழக்கில் விளையும் பூத் ஜொலோக்கியா பத்து இலட்சத்தைத் தாண்டியது. 2023இல் ‘பெப்பர் எக்ஸ்’ 26 இலட்சத்து 93 ஆயிரத்தை எட்டியது. மணத்துக்கு இப்படி ஓர் எண் இல்லை; ஆகவே அதற்குப் போட்டியும் இல்லை, புகழும் இல்லை.

என் தாயார் செத்தல் மிளகாய் வாங்கும்போது ஒன்றை எடுத்துக் காம்பை முறித்து முகர்ந்து பார்த்த பின்னரே விலை கேட்பார். நானோ பைகளில் அடைத்த தூளை வாங்குகிறேன், “நல்ல உறைப்போ?” என்பதற்குமேல் ஒன்றும் கேட்டதில்லை. கேட்பாரற்ற மணத்துக்காக எந்தக் கமக்காரன் விதை காத்து வைப்பான்?

அம் மாணவிக்கு நான் கூறிய விடை பொய்யன்று, ஆனால் அரைகுறையானது. வாய் உணர்ந்ததை முன்னோர் எண்ணினர். எந்த நரம்பு உணர்த்துகின்றது என்பதை விஞ்ஞானம் எண்ணுகின்றது. மிளகாயின் சுவை எது என்பதை இரண்டு பாடங்களும் அவளுக்குச் சொல்லவில்லை. நாளைய வகுப்புக்கு இரண்டு செத்தல் மிளகாய்களைக் கொண்டுசென்று, காம்பை முறித்து முகர்ந்து பார்க்கச் சொல்லப் போகிறேன்.