சிறுநீரகத் தமனிச் சுருக்கம்: யாருக்கு எந்த ஸ்கேன்?

"அப்பாவுக்கு முதலில் டாப்ளர் எடுத்தீர்கள்; சரியாகத் தெரியவில்லை என்றீர்கள். இப்போது எம்.ஆர். எடுக்கச் சொல்கிறீர்கள். தொடக்கத்திலேயே பெரிய ஸ்கேனை எடுத்திருக்கலாமே, டாக்டர்?" எங்கள் புறநோயாளிகள் பிரிவில் ஒரு மகன் கேட்ட கேள்வி இது. கேள்வி நியாயமானது. விடை பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே விளக்குகிறோம்.

பெருந்தமனியிலிருந்து பிரியும் தமனிகள் சிறுநீரகங்களுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்கின்றன. அவற்றில் ஒன்று குறுகினால், உடலில் இரத்தமே குறைந்துவிட்டதாகச் சிறுநீரகம் தவறாக உணர்ந்து ரெனினைச் சுரக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. தமனியை நெருக்கினால் அழுத்தம் உயரும் என்பதை 1934-இல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களில் செய்த ஆய்வு காட்டியது. முதியோரிடம் கொழுப்புப் படிவே முதன்மைக் காரணம். இளம் பெண்களிடம் டாகயாசு எனும் தமனி அழற்சியோ, ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா எனும் தமனிச் சுவர்க் கோளாறோ காரணமாகலாம்.

இரத்த அழுத்தம் உள்ள அனைவருக்கும் இப்பரிசோதனை தேவையில்லை. மூன்று மருந்துகளுக்கும் அழுத்தம் கட்டுப்படாதவர், 30 வயதுக்கு முன்பே அழுத்தம் வந்தவர், எனலாப்ரில், டெல்மிசார்டான் போன்ற மருந்தைத் தொடங்கியபின் கிரியேட்டினின் வெகுவாக உயர்ந்தவர், திடீர் திடீரென நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுபவர் ஆகியோரிடமே இந்த ஐயம் எழுகிறது.

டாப்ளர் ஸ்கேன்

ஒலியலையால் செய்யப்படுவது, ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. குறுகலான இடத்தில் இரத்தம் விரைந்து பாயும். அவ்வேகத்தையே டாப்ளர் அளக்கிறது. வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 200 செ.மீ.-ஐத் தாண்டினால் ஐயம் வலுப்பெறும். உடல் பருமனும் குடல் வாயுவும் படத்தை மறைக்கும். அதனால்தான் காலையில் வெறும் வயிற்றுடன் வரச் சொல்கிறோம். சிலருக்கு இருக்கும் துணைத் தமனிகள் இதில் தப்பிவிடலாம். எடுப்பவரின் பயிற்சியைப் பொறுத்தும் முடிவு அமையும்.

சி.டி. ஆஞ்சியோகிராம்

சில நிமிடங்களில் முடிந்துவிடும். கிளைத் தமனிகளும், முன்பு வைத்த ஸ்டென்டின் உட்புறமும் இதில் தெரியும். ஆனால் கதிர்வீச்சு உண்டு. அயோடின் கலந்த மருந்தை நரம்பில் செலுத்த வேண்டும். சிறுநீரகத் திறன் ஏற்கெனவே குன்றியவர்களுக்கு அம்மருந்து மேலும் தீங்கு செய்யக்கூடும். தமனியில் சுண்ணாம்புப் படிவு மிகுந்திருந்தால் குறுகலை மதிப்பிடுவதும் கடினம்.

எம்.ஆர். ஆஞ்சியோகிராம்

கதிர்வீச்சு இல்லை. வழக்கமாகக் கடோலினியம் மருந்து செலுத்தப்படும். ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழ் உள்ள சிலருக்குப் பழைய வகைக் கடோலினியத்தால் தோல் இறுகும் கடும் நோய் வந்ததுண்டு. இப்போதைய வகைகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. மருந்தே இல்லாமல் படமெடுக்கும் முறையும் உண்டு. எனினும் எம்.ஆர். குறுகலைச் சற்று மிகைப்படுத்திக் காட்டலாம். சிறு கிளைகளைத் தவறவிடலாம். உலோக ஸ்டென்டின் உட்புறத்தைச் சரிவரக் காட்டாது. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

எந்த ஸ்கேனும் குறையற்றதன்று. நெதர்லாந்தில் 356 பேரிடம் செய்யப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், கதீட்டர் ஆஞ்சியோகிராம் உறுதி செய்த நோயாளிகளில் சி.டி. 64 விழுக்காட்டினரையும் எம்.ஆர். 62 விழுக்காட்டினரையுமே கண்டறிந்தன. அதன்பின் கருவிகள் மேம்பட்டுள்ளன. இருப்பினும் ஐயம் வலுவாக இருந்து ஸ்கேன் இயல்பாக வந்தால், கதீட்டர் வழியாகப் பார்க்க நேரலாம்.

இப்போது அந்த மகனின் கேள்விக்கு வருவோம். தந்தையின் கிரியேட்டினின் உயர்ந்திருந்தது. தீங்கற்ற பரிசோதனையிலேயே விடை கிடைத்துவிட்டால், மருந்து செலுத்தும் ஸ்கேனை அவர் உடல் தாங்க வேண்டியதில்லை, செலவும் குறையும். ஆகவே டாப்ளரில் தொடங்கினோம். அது பலன் தராதபோதுதான் மருந்தில்லா எம்.ஆரை நாடினோம். அதில் ஒருபக்கத் தமனியில் குறுகல் தெரிந்தது.

"அப்படியானால் ஸ்டென்ட் வைத்துவிடலாமா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. கொழுப்புப் படிவால் வந்த குறுகலுக்கு, மருந்தோடு ஸ்டென்டும் வைப்பது பொதுவாகக் கூடுதல் நன்மை தரவில்லை என 2009-இல் வெளியான ஆஸ்ட்ரல் ஆய்வும் 2014-இல் வெளியான கோரல் ஆய்வும் காட்டின. அடிக்கடி நுரையீரலில் நீர் கோப்பவர் போன்ற சிலருக்கே அதைக் கருதுகிறோம். மாறாக, ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா உள்ள இளம் பெண்ணுக்குப் பலூன் சிகிச்சை பெரிதும் உதவக்கூடும். இத்தந்தைக்கு மருந்துகளை மாற்றியமைத்தோம். அழுத்தம் கட்டுக்குள் வந்தது.

ஆகவே ஸ்கேனுக்கு முன், "இதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா?" என்று எங்களிடம் தயங்காமல் கேளுங்கள். வரும்போது அண்மைய கிரியேட்டினின் அறிக்கை, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், பழைய ஸ்கேன் படங்கள் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். ஒவ்வாமை, கருவுற்றிருத்தல், மெட்ஃபார்மின் உட்கொள்ளுதல் ஆகியவற்றை மறவாமல் சொல்லுங்கள். எந்த மருந்தையும் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.