எழுதி அனுப்பினால் எடை குறையுமா?

எடையைக் குறைக்க என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதவர் இன்று அநேகமாக இல்லை. தெரிந்தும் ஏன் குறைவதில்லை? அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் டெபோரா டேட், ரீனா விங் ஆகிய ஆய்வாளர்கள் இதற்கு இணையத்தின் வழியே விடை தேடினார்கள்.

2001-ல் வெளியான அவர்களது ஆய்வில் பங்கேற்றவர்கள் மருத்துவமனை ஊழியர்கள் 91 பேர். எல்லோருக்கும் நேரில் ஒரே ஒரு வகுப்பு, பிறகு தகவல்கள் நிறைந்த ஓர் இணையதளம். ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக வாராவாரம் மின்னஞ்சலில் பாடம் வந்தது. சாப்பிட்டதையும் உடற்பயிற்சியையும் அவர்கள் குறித்து அனுப்ப, ஆலோசகர் படித்துப் பதில் எழுதினார். ஆறு மாதத்தில் தகவல் மட்டும் பெற்றவர்கள் சராசரியாக 1.6 கிலோ குறைந்தார்கள். எழுதி அனுப்பியவர்கள் 4.1 கிலோ.

குறித்து வைப்பதில் அப்படி என்ன இருக்கிறது? 1992-ல் வெளியான ஒரு நியூயார்க் ஆய்வைப் பாருங்கள். "1,200 கலோரிகூடச் சாப்பிடுவதில்லை, ஆனாலும் எடை குறையவில்லை" என்றவர்களுக்குக் கனமான ஐசோடோப்புகள் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். அவை உடலைவிட்டு வெளியேறும் வேகத்தைக் கொண்டு, உடல் செலவிடும் ஆற்றலைக் கணக்கிட்டார்கள். வளர்சிதை மாற்றத்தில் குறை எதுவும் இல்லை. அவர்கள் சொன்ன கணக்குத்தான் உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாக இருந்தது! வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. குழந்தை மிச்சம் வைத்த அரை தோசையும் அலுவலகத்தில் யாரோ நீட்டிய லட்டும் நம் மனக்கணக்கிலும் ஏறுவதில்லையே. குறிப்பேடு துல்லியமான தராசு அல்லதான். ஆனால், எழுத வேண்டும் என்ற நினைப்பு வந்துவிட்டால் கை சற்றுத் தயங்குகிறது. அடிக்கடி குறிப்பவர்களே அதிகம் குறைகிறார்கள் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சரி, பதிலைக் கணினியே எழுதினால்? 2006-ல் டேட் குழு அதையும் சோதித்தது. மூன்று மாதம் வரை கணினியின் பதிலுக்கும் மனிதரின் பதிலுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆறாவது மாதத்தில் பதில் எதுவும் பெறாதவர்கள் 2.6 கிலோ, கணினியின் பதில் பெற்றவர்கள் 4.9, மனிதரின் பதில் பெற்றவர்கள் 7.3 கிலோ குறைந்திருந்தார்கள். இயந்திரத்தின் பாராட்டு நாளடைவில் சலித்துவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சில கிலோக்கள் அற்பமல்ல. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் நடத்தி 2002-ல் வெளியிட்ட பெரிய அமெரிக்க ஆய்வில், சராசரியாக 5.6 கிலோ குறைத்த பிரிவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது.

எடைக் குறைப்புச் செயலிக்குப் பணம் கட்டும் முன், நீங்கள் அனுப்புவதை யார் படிப்பார், எத்தனை நாளில் பதில் வரும் என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் சேராதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் அவசியம் பேசிவிடுங்கள்.