மில் காம்பவுண்டுக்குள் லாரி மோதினால் நஷ்டஈடு கிடையாதா?

ரைஸ் மில்லுக்குள் மூட்டை ஏற்ற வந்த லாரி ரிவர்ஸ் எடுக்கிறது. பின்னால் நின்ற லோடுமேன் சுவருக்கும் லாரிக்கும் நடுவில் சிக்குகிறார். ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்கு பிறகு நடப்பதுதான் கொடுமை.

"இது ரோட்டுல நடந்த ஆக்சிடெண்ட் இல்லப்பா, நம்ம எடத்துக்குள்ள நடந்தது. இன்சூரன்ஸ்ல சல்லிக்காசு வராது. கேசு கீசு வேணாம், ஏதாச்சும் வாங்கித் தர்றோம்" என்று பஞ்சாயத்து பேசுவார்கள். ஏழைக் குடும்பமும் கையெழுத்து போட்டுவிடும்.

இந்த குழப்பத்துக்கு காரணம், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டத்தின் 146-வது பிரிவு. "பொது இடத்தில்" வண்டி ஓட்ட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிறது அது. மில், வயல், அபார்ட்மெண்ட் பார்க்கிங் எல்லாம் தனியார் இடம்தானே, நாங்கள் ஏன் தரணும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் கோர்ட்டில் வாதாடுவது வழக்கம்.

ஆனால் பொது இடம் என்றால் தார் ரோடு மட்டும் இல்லை. பொதுமக்கள் வந்துபோக உரிமை உள்ள எந்த இடமும் பொது இடம்தான் என்கிறது அதே சட்டத்தின் 2(34)-வது பிரிவு. பட்டா யார் பெயரில் இருக்கு என்பது பேச்சே இல்லை. 1999-ல் சென்னை ஐகோர்ட்டு முழு பெஞ்ச் இன்னும் ஒருபடி மேலே போனது. தனியார் இடத்தை அனுமதியோடு பயன்படுத்தினாலும், அனுமதி இல்லாமல் பயன்படுத்தினாலும் அதுவும் பொது இடம்தான் என்று தீர்ப்பு சொன்னது.

ஒரு பேச்சுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி தப்பித்தாலும் டிரைவரும் வண்டி ஓனரும் தப்ப முடியாது. தப்பு டிரைவர் மேல் என்றால் ஓனர் சொந்தக் காசில் கட்ட வேண்டியதுதான். லைசென்ஸ் இல்லாத பையனிடம் "உள்ளதானே, எடுத்து நிறுத்து" என்று சாவி கொடுப்பவர்கள் இதை யோசிக்கணும்.

உங்கள் காரே உங்கள் வீட்டு கேட்டில் இடித்தால்? தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் காருக்கும் வராது, கேட்டுக்கும் வராது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் காருக்கு மட்டும் கேட்கலாம்.

முக்கியமானது எப்.ஐ.ஆர். "பிரைவேட் எடம்" என்று போலீசில் திருப்பி அனுப்பினாலும் விடக்கூடாது. பொது வழியில் தாறுமாறாக ஓட்டியதற்கான பிரிவு வேண்டுமானால் பொருந்தாமல் போகலாம். உயிர் போயிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவு, காயம் என்றால் 125-வது பிரிவு. இரண்டிலும் ரோடு என்ற வார்த்தையே இல்லை.

வேலையாள் அடிபட்டால் தொழிலாளர் இழப்பீடாகவும் கேட்கலாம். ஆனால் இரண்டில் ஒன்றுதான். மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் மனு போட விபத்து நடந்த ஊருக்கு அலையவேண்டாம், குடியிருக்கும் ஊர் கோர்ட்டிலேயே போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் இதற்கு 6 மாத கெடு வந்திருக்கிறது. அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கு போயிருக்கிறது என்றாலும், அதை நம்பி உட்காராமல் 6 மாதத்துக்குள் மனுவை போட்டுவிடுவதே நல்லது.