காலி வீட்டுப் பூனை

கோலார் தங்கவயலில் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், லைன் வீடுகளிலிருந்து குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பெங்களூர் முதலிய ஊர்களுக்குப் பெயர்ந்ததை அன்பர்கள் அனைவரும் அறிவர். கட்டிலையும் பாத்திரங்களையும் எல்லோரும் ஏற்றிச் சென்றனர். பூனையை ஏற்றிச் சென்றவர் சிலரே. அவ்வாறு விடப்பட்ட ஒரு பூனையைப் பற்றியே எழுத முற்பட்டுள்ளேன். அற்பப் பொருள் என்று ஒதுக்காமல் வாசிக்க வேண்டுகிறேன்.

எங்கள் அடுத்த வீட்டார் கதவைப் பூட்டிச் சென்றபின், அவர்களது சாம்பல் நிறப் பெண் பூனை ஓராண்டுக்கு மேலாக அக்காலி வீட்டின் கூரையிலேயே வாழ்ந்தது. என் அன்னையார் வைக்கும் சோற்றை, அவர் உள்ளே சென்று கதவைச் சாத்திய பிறகே இறங்கி வந்து உண்ணும். சென்ற புரட்டாசி மழையில் அக்கூரை சரிந்தது. அதே வாரத்தில், அதனோடு திரிந்த மற்றொரு பூனையைத் தெரு நாய்கள் கொன்றுவிட்டன. இனி வெளியில் விட்டால் இதுவும் பிழைக்காது என்பது தெளிவாயிற்று.

மீன் தலையைக் காட்டிக் கூடையால் மூடிப் பிடித்தேன். அதுவரை சரி, அதன்பின் நான் செய்தது முழுத் தவறு. கூடத்தின் நடுவே கூடையைத் திறந்துவிட்டேன். தொலைக்காட்சி முழங்கிற்று, பிள்ளைகள் ஆரவாரித்தனர். பூனை சாமான் அறைக்குள் பாய்ந்து, பரண்மீது ஏறி ஒளிந்துகொண்டது. கைநீட்டி இழுக்கப் போன எனக்கு முழங்கை வரை கீறல். பூனையின் கீறலையும் கடியையும் எளிதாக எண்ணலாகாது. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். நானும் சென்றேன். பூனையோ இரண்டு நாள் உணவைத் தொடவில்லை. பல நாள் பட்டினி கிடந்தால் பூனைக்குக் கல்லீரல் கெட்டுவிடும் என்று கால்நடை மருத்துவர் எச்சரித்தார்.

வழி காட்டியவர் அன்னையாரே. "அதுக்கு வீடு வேணாம்பா, ஒரு மூலை போதும்" என்றார்.

தந்தையார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பணிபுரிந்த காலத்தில், பூமிக்குள் பாறை வெடித்தால் மேலே லைன் வீடுகள் அதிரும்; அடுக்கிய பாத்திரம் உருளும்; எவர் வீட்டுக்குச் செய்தி வருமோ என்று பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். இன்றும் ஒரு தட்டு கீழே விழுந்தால் அன்னையாரின் உடல் நடுங்கும். பூனையின் நடுக்கம் அவருக்குப் புரிந்தது, எனக்குப் புரியவில்லை.

சாமான் அறையையே அதற்கு ஒதுக்கினோம். ஓர் அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, அதனுள் அன்னையாரின் பழஞ்சேலையை விரித்தோம். ஒரு மூலையில் உணவு, எதிர்மூலையில் மணல் தட்டு. (நம் சயனைடு மேட்டு மண்ணை இதற்கு எடுக்கலாகாது என்று சொல்லவும் வேண்டுமோ?) வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு, ஆகவே உப்பின்றி வெறுமனே வேகவைத்த மீனும் கோழியும் வைத்தோம். பால் வார்ப்பது நம் வழக்கம். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிப்பதில்லை. காலையில் நான் வண்டிக்குப் புறப்படுமுன் ஒரு வேளை, மாலை திரும்பியபின் ஒரு வேளை, நேரம் தவறவிடவில்லை.

அன்னையார் அவ்வறை வாசலில் அமர்ந்து முறத்தில் அரிசி பொறுக்குவார். பூனையின் பக்கம் திரும்பியும் பாரார். எப்போதேனும் கண்கள் சந்தித்தால், தூக்கம் வந்தவர்போல் இமைகளை மெல்ல மூடித் திறப்பார். இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே கூறுகிறது: மனிதர் அவ்வாறு மெல்ல இமைத்தால் பூனையும் இமைக்கிறது, முன்பின் அறியாதவரிடமும் நெருங்கி வருகிறது. அன்னையார் எந்த ஆய்வும் படித்தவரல்லர்.

ஒன்பதாம் நாள் பூனை பெட்டியிலிருந்து இறங்கி முறத்தை முகர்ந்தது. மூன்றாம் வாரம் கதவைத் திறந்து வைத்தோம். வீட்டை அது இரவில் மட்டும் சுற்றிப் பார்த்தது. பின்னர்த் தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் செய்வித்தோம்.

எல்லாப் பூனையும் இவ்வாறு இணங்கும் என்று சொல்ல மாட்டேன். பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதர் கை பட்டு வளர்ந்த குட்டியே எளிதில் பழகும். எங்கள் பூனை ஒருகாலத்தில் ஒரு வீட்டில் வளர்ந்தது. மனிதரையே அறியாமல் காட்டுப்போக்கில் வளர்ந்ததை அறைக்குள் அடைப்பது கொடுமை. அதற்குக் கருத்தடை செய்வித்து, வெளியிலேயே உணவிடுவதே தக்கது. பெங்களூரில் அடுக்கு வீடுகளுக்குச் செல்லும் அன்பர்கள் தங்கள் பூனையையும் உடன் கொண்டு செல்வார்களாக. புது வீட்டில் முதற்சில வாரங்கள் வெளியே விடலாகாது. விட்டால் பழைய இடத்தைத் தேடிப் போய் வழி தவறும். சாளரங்களுக்குக் கம்பி வலையும் அவசியம்.

பொங்கலுக்குப் பழைய வீட்டார் வந்திருந்தனர். அவ்வீட்டுச் சிறுமி பூனையின் பெயரைச் சொல்லி வெகுநேரம் அழைத்தாள். அது பரணிலிருந்து இறங்கவில்லை. மாலை வண்டிக்கு அவர்கள் புறப்பட்ட பிறகு, மெல்ல இறங்கி வந்து அன்னையாரின் முறத்தருகே அமர்ந்தது.