தேன்வதைப் பளிங்கும் அடங்க மறுக்கும் காந்தமும்

லிட்கம்மிலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில், லூகாஸ் ஹைட்ஸ் என்னும் காட்டோரக் குன்றிலே அவுஸ்திரேலியாவில் இன்று இயங்கும் ஒரேயொரு அணு உலை அமைந்துள்ளது. 1958 முதல் அங்கு இயங்கிய 'ஹைஃபார்' மூடப்பட்டபின், 2007 இல் 'ஓப்பல்' திறந்துவைக்கப்பட்டது. எம்மவரின் எலும்பையும் இதயத்தையும் படம்பிடிக்க மருத்துவமனைகளில் ஏற்றப்படும் கதிர்த்தொழிற்பாட்டு மருந்துக்கு வேண்டிய மூலப்பொருள் அங்கே உருவாகிறது என்பதைப் பலர் அறிவர். அதே உலையின் நியூத்திரன்கள் காந்தத்தின் உள்ளமைப்பையும் காட்டித்தருகின்றன என்பதை அறிந்தோர் சிலரே.

நியூத்திரனுக்கு மின்னேற்றம் இல்லை. ஆனால் அது தானே ஒரு நுண்காந்தம். ஆகவே பளிங்கினூடே செல்லும்போது அணுக்காந்தங்கள் எத்திசையில் நிற்கின்றன என்பதை உணர்ந்து சிதறுகிறது. 1949 இல் இவ்வழியைத் திறந்த கிளிஃபர்ட் ஷல் என்பார் நோபெல் பரிசு பெற 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. (லூகாஸ் ஹைட்ஸ் கருவிகளுக்கு எக்கிட்னா, வொம்பட், கொவாலா என்று இந்நாட்டு விலங்குகளின் பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள்.)

இத்தகைய கருவிகளைக் கொண்டு உலகெங்கும் ஆராயப்படுபவற்றுள் தேன்வதை வடிவப் பளிங்குகளும் அடங்கும். அறுகோணங்கள் பரந்த தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்க, ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று அயலவர். ஓர் அயலவர் அணுக்காந்தத்தைக் கிழக்கு மேற்காக நிற்கச் சொல்கிறார். அடுத்தவர் வடக்குத் தெற்காக. மூன்றாமவர் மேல் கீழாக. ஒருவரைத் திருப்திப்படுத்தினால் மற்ற இருவருக்கும் மனக்குறை. 2006 இல் அலெக்சி கித்தாயெவ் இச்சிக்கலுக்குச் சரியான தீர்வு கண்டார்: தனிப்பூச்சிய வெப்பநிலையிலும் இக்காந்தங்கள் உறையா, திரவம்போல் அலைந்தவண்ணமே இருக்கும். மறு ஆண்டிலேயே சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன், சப்தரிஷி மண்டல், ஆர். சங்கர் ஆகிய மூவரும், இம்மாதிரியில் ஒரு காந்தத்தின் செல்வாக்கு அடுத்த அயலவரைத் தாண்டுவதில்லை என்று துல்லியமாக நிறுவினர். எமது பத்திரிகைகள் சினிமாவுக்கு ஒதுக்கும் இடத்தில் பத்திலொன்றேனும் இதற்குக் கிடைத்திருக்கலாம்.

ஆனால் இயற்கை அவ்வளவு இலகுவில் இணங்கவில்லை. உருத்தேனியம் குளோரைட்டு ஏறத்தாழ 7 கெல்வினிலும், சோடியம் இரிடேற்று 15 கெல்வின் அளவிலும், சோடியம் கோபாற்று தெலூரேற்று 27 கெல்வின் அளவிலும் ஒழுங்கில் உறைந்துவிடுகின்றன. ஒரு கோணல்மாணல் வரிசை முழுதும் ஒரு பக்கம் பார்க்க, அடுத்த வரிசை எதிர்ப்பக்கம் பார்க்கிறது. கித்தாயெவ் கணக்கில் இல்லாத வேறு விசைகளும், தொலைவிலுள்ள அணுக்களின் தலையீடுமே இதற்குக் காரணம்.

கோபாற்றுப் பளிங்கின் கதை இன்னும் சுவையானது. அதன் கோணல் வரிசைகள் மூன்று திசைகளில் அமையலாம். பளிங்கின் ஒரு பகுதியில் ஒரு திசை, மறுபகுதியில் மறுதிசை என்று பிரிந்து கிடக்கின்றனவா? அன்றி ஒரே இடத்தில் மூன்றும் மேற்பொருந்திச் சுழிபோன்ற கோலம் அமைகிறதா? நியூத்திரன் படத்திலோ இரண்டும் அதே இடங்களிலேயே புள்ளிகளைத் தரும்! எனவே காந்தப்புலத்தைச் சாய்த்துப் பார்க்கிறார்கள். தனித்தனிப் பகுதிகளாயின் சில புள்ளிகள் ஒளிரச் சில மங்கவேண்டும். 2021 முதல் ஆய்வாளர்கள் இவ்வினாவில் இரு அணியாக நிற்கிறார்கள்.

உருத்தேனியம் குளோரைட்டின் ஒழுங்கு 7, 8 தெஸ்லா புலத்தில் குலைகிறது. அங்கே எதிர்பார்த்த திரவத்தின் அடையாளத்தை வெப்பக் கடத்தலில் கண்டதாக 2018 இல் கியோட்டோ குழுவினர் அறிவிக்க, குவாண்டம் கணினி வாசலில் வந்துவிட்டதுபோல் ஆரவாரம் எழுந்தது. அந்த அவசரம் வேண்டாதது என்பதே என் கருத்து. பிரின்ஸ்ரன் குழுவினர் 2021 இல் வெளியிட்ட அளவீடுகள் வேறு விளக்கத்தை நாடின. இத்தனைக்கும் அப்பளிங்கின் தட்டுகள் சீட்டுக்கட்டுப்போல் எளிதில் வழுக்குபவை. தொடக்கத்தில் 14 கெல்வின் அளவில் தென்பட்ட இன்னொரு காந்த மாற்றம், அடுக்குகள் பிசகியதன் விளைவே என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆகவே இப்போது கணக்குப் போடுவோரிலும் பார்க்கப் பளிங்கு வளர்ப்போரின் கைப்பக்குவத்தையே இத்துறை எதிர்பார்த்து நிற்கிறது.