பவளத் தொட்டிக்கு நீரோட்டப் பம்பு: விலையும் பயனும்

பவளம் கல்லைப் போலத் தோன்றினும் கல்லன்று. செடியைப் போலக் கிளைத்து வளரினும் செடியுமன்று. அது பல்லாயிரம் சிறு பிராணிகள் ஒன்று கூடி வாழும் குடியிருப்பாகும். இப்பவளப் பூச்சிகள் தாம் அமர்ந்த இடத்தை விட்டுப் பெயர்ந்து செல்ல இயலாதவை. உணவும் பிராணவாயுவும் அவற்றை நாடி வரவேண்டும். கழிவுப் பொருள்கள் அவற்றை விட்டு அகலவேண்டும். இவ்விரு வேலைகளையும் கடலில் அலையும் நீரோட்டமும் செய்கின்றன. கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்கும் இடங்களில் அதே வேலையை மின்சாரப் பம்பு செய்யவேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சிக் கூடங்களிலும், பொருட்காட்சி சாலைகளிலும், சில நாடுகளில் வீடுகளிலும் இத்தகைய தொட்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் 1987 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட காட்சி சாலையின் பவளத் தொட்டி 25 லட்சம் லிட்டர் நீர் கொண்டது. அதில் அலை எழுப்பும் யந்திரமும் அமைக்கப்பட்டது. சிறு தொட்டியைப் பேணுவோருக்கு இத்தகைய யந்திரம் கிட்டுவதில்லை. கடையில் கிடைக்கும் பம்புகளில் ஒன்றையே அவர்கள் தேர்ந்தெடுக்கவேண்டும். அங்கோ, ஒரே அளவு நீரைத் தள்ளுவதாகக் கூறப்படும் இரு பம்புகளின் விலை ஒன்றுக்கு ஐந்து, ஆறு மடங்கு வேறுபடுவதுண்டு. இவ்வேறுபாடு எதற்காக, எப்பொழுது உயர்ந்த விலை தகும், எப்பொழுது தகாது என்பவை ஆராயத்தக்கவை.

நீர் ஏன் அசையவேண்டும்?

எந்தப் பொருளின் மீது நீர் ஓடினும், அப்பொருளை ஒட்டி மிக மெல்லிய நீர்ப் படலம் ஒன்று ஏறக்குறைய அசைவற்று நிற்கும். பவளத்திற்கு வரும் பிராணவாயுவும், பவளத்திலிருந்து வெளியேறும் கழிவும் இப்படலத்தின் வழியே மெல்லப் பரவித்தான் செல்லவேண்டும். நீரோட்டம் மிகும்போது படலம் மெலிகிறது, பரிமாற்றம் விரைகிறது. ஓட்டம் நின்றால் படலம் தடிக்கிறது, பவளம் திணறுகிறது.

பகற்பொழுதில் பவளத்தின் உடலினுள் வாழும் ஓரணுப் பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு ஆக்கிப் பிராணவாயுவை வெளிவிடுகின்றன. இரவில் இவ்வேலை நின்றுவிடுகிறது. தொட்டியிலுள்ள உயிர்கள் யாவும் பிராணவாயுவைச் செலவழிக்கவே செய்கின்றன. மேலும், 27 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணநிலையில் நன்னீர் ஒரு லிட்டரில் 8 மில்லிகிராம் அளவு பிராணவாயு கரைந்திருக்கக் கூடுமாயின், கடல் நீரில் 6.5 மில்லிகிராம் அளவே கரையும். இச்சிறு சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடும். நீரின் மேற்பரப்பு கலக்கப்பட்டால்தான் காற்றிலிருந்து அது மீண்டும் நிரம்பும். ஆகவே இரவில் பம்பு நின்றுபோதல் தொட்டிக்கு நேரும் ஆபத்துக்களில் தலையாயது. பல ஆண்டு வளர்ச்சி ஓர் இரவில் அழியக்கூடும்.

இரு வகை அமைப்புகள்

பழைய பம்புகளில் சிறிய இறகுச் சக்கரம் ஒன்று நீரைக் குறுகிய குழாய் வாய் வழியே பீறிடச் செய்யும். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஜெர்மனியில் வேறொரு முறை பரவலாயிற்று. கப்பலின் உந்து விசிறியைப் போன்ற அகன்ற விசிறி, அகன்ற வாய் வழியே மிகுந்த நீரை மென்மையாகத் தள்ளுவது இம்முறையாகும்.

இதன் நன்மையை எளிய கணக்கினால் அறியலாம். மணிக்கு 4,000 லிட்டர் நீர் 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாய் வழியே செல்வதாயின், அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 3.5 மீட்டராக இருக்கும். விட்டம் 6 சென்டிமீட்டரானால் வாயின் பரப்பு 9 மடங்காகிறது. வேகம் 9-ல் ஒரு பங்காக, அதாவது வினாடிக்கு 40 சென்டிமீட்டர் அளவாகக் குறைகிறது. நீருக்கு அளிக்கவேண்டிய இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், அது 81-ல் ஒரு பங்காகிவிடுகிறது. பீறிடும் நீர் பவளத்தின் மெல்லிய தசையைக் கிழித்துவிடும். அகன்ற ஓட்டமோ கடலின் ஓட்டத்தை ஒத்திருக்கும். எனவே விலை எதுவாயினும், விசிறி வகைப் பம்பையே கொள்ளுதல் முதல் விதியாகும். இன்று மலிவான பம்புகளிலும் இவ்வகை கிடைக்கிறது.

மோட்டாரிலும் இரு வகை உண்டு. வீட்டு மின்சாரத்தில் நேரே இயங்கும் சாதாரண மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணால் நிர்ணயிக்கப்படுகிறது. அதை மாற்ற இயலாது. நேர்மின்னோட்டத்தில் இயங்கும் மோட்டாருடன் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று இணைந்திருக்கும். அதனால் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும், விட்டு விட்டு இயக்கி அலை எழுப்பவும் முடியும். பவளம் ஒரே திசையில் இடைவிடாது வரும் ஓட்டத்தைக் காட்டிலும் மாறி மாறி வரும் ஓட்டத்தில் நன்கு வளர்வதால், இவ்வசதி மிகவும் பயனுள்ளது. சில உயர்ந்த பம்புகளில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே நிற்க, விசிறி மட்டும் காந்த விசையால் உள்ளே சுழல்கிறது. இவற்றில் மின்கம்பி எதுவும் நீரினுள் செல்வதில்லை. மோட்டாரின் வெப்பத்தில் பெரும்பகுதி வெளியிலேயே தங்கிவிடுகிறது.

உயர்ந்த விலை எதற்காக?

முதலாவது, பொருள்களின் தரம். சுழலியினுள் உள்ள வலிமை மிக்க காந்தத்தின் மேலுறையில் விரிசல் ஏற்பட்டால் கடல் நீர் உட்புகும். காந்தம் துருப்பிடித்துப் பருக்கும். உலோகங்கள் நீரில் கரையும். கம்பிச் சுருளின் செம்பு நீரில் கலப்பது இன்னும் கொடியது. முதுகெலும்பற்ற பிராணிகளுக்குச் செம்பு மிகச் சிறு அளவிலும் நஞ்சாகும். பீங்கான் அச்சும், குறையின்றி மூடப்பட்ட காந்தமும் கொண்ட பம்பில் இவ்வபாயம் குறைவு.

இரண்டாவது, உதிரிப் பாகங்கள். விசிறி, அச்சு, பேரிங் ஆகியவை தனித்தனியே கிடைக்குமாயின் பம்பு பல ஆண்டுகள் உழைக்கும். கிடைக்காவிடில், சிறு பாகம் ஒன்று தேய்ந்ததற்காகப் பம்பு முழுவதையும் எறிய நேரும். மூன்றாவது, ஓசையின்மையும் கட்டுப்பாட்டின் நுட்பமும். இவை வசதிகளே, பவளத்தின் உயிருக்கு இன்றியமையாதவை அல்ல.

மின்சாரச் செலவும் வெப்பமும்

உயர்ந்த பம்பு மின்சாரத்தை மிச்சப்படுத்தித் தன் விலையை ஈடுசெய்துவிடும் என்று கூறப்படுவதுண்டு. இதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். இரு பம்புகளுக்கு இடையே 20 வாட் வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். இடைவிடாது இயங்கினால் ஓர் ஆண்டில் 175 யூனிட் மிச்சமாகும். யூனிட் ஒன்றுக்கு 8 ரூபாய் எனக் கொண்டால் ஆண்டுக்கு 1,400 ரூபாய்; ஐந்து ஆண்டுகளில் 7,000 ரூபாய். விலை வேறுபாடு இத்தொகையை மிஞ்சுமாயின், மின்சார மிச்சம் ஒன்றே உயர்ந்த பம்பை நியாயப்படுத்தாது.

ஆனால் மற்றொரு செலவு உண்டு. நீரினுள் மூழ்கி இயங்கும் பம்பு கொள்ளும் மின்சக்தி முழுவதும் இறுதியில் வெப்பமாக மாறித் தொட்டி நீரையே சேர்கிறது. 200 லிட்டர் கடல் நீரில் 20 வாட் ஒரு நாள் முழுவதும் சேர்ந்து, வெப்பம் சிறிதும் வெளியேறாது போனால் நீரின் உஷ்ணநிலை 2 டிகிரி அளவு உயரும். உண்மையில் ஒரு பகுதி காற்றில் கலந்துவிடும். எனினும் வெயிற்காலத்தில், காற்றே 35 டிகிரியைத் தாண்டும் ஊர்களில், அது வெளியேற வழி குறைவு. வழக்கமான கோடையின் உச்ச உஷ்ணநிலைக்கு மேல் ஒரு டிகிரி அளவு வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் பாசிகளை இழந்து வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆம் ஆண்டுகளில் இந்தியக் கடல்களின் பவளத் திட்டுகள் இவ்வாறு வெளுத்தன. ஆகவே நம் நாட்டில் பம்பின் வாட் அளவு, பணத்தினும் வெப்பத்தின் பொருட்டே முதன்மையாகக் கவனிக்கத்தக்கது.

ஒன்றா, இரண்டா?

மென்பவளங்களுக்கு மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல 10 முதல் 20 மடங்கு ஓட்டமும், கிளைத்து வளரும் கல் பவளங்களுக்கு 40 மடங்கும் அதற்கு மேலும் வேண்டும் என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் அளவு. 200 லிட்டர் தொட்டிக்கு இது முறையே 2,000 முதல் 4,000 லிட்டரும், 8,000 லிட்டரும் ஆகும். இவ்வோட்டத்தை ஒரே உயர்ந்த பம்பினால் பெறுவதைவிட, இரு பம்புகளுக்குப் பகிர்ந்தளிப்பது பாதுகாப்பானது. ஒன்று நின்றாலும் மற்றொன்று உயிர்களைக் காக்கும்; எதிரெதிர்ப் பக்கங்களில் அமைத்தால் ஓட்டமும் பலதிசைப்படும். ஆனால் இரண்டையும் ஒரே இணைப்பில், ஒரே கட்டுப்பாட்டுக் கருவியில் பொருத்தினால் இப்பயன் கிட்டாது. கருவி பழுதானால் இரண்டும் ஒருங்கே நின்றுவிடும்.

மின்தடைக்கும் ஏற்பாடு வேண்டும். 12 வோல்ட்டில் இயங்கும் பம்பை வேகம் குறைத்து 5 வாட்டில் ஓட்டினால், 7 ஆம்பியர்-மணி கொண்ட சிறு பேட்டரியின் பாதிச் சக்தியே அதை 8 மணி நேரம் இயக்கப் போதும். சாதாரண மோட்டாருக்கு இன்வர்ட்டர் தேவைப்படும்.

வாங்குமுன் அறியவேண்டியவை

மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தவுடன் பம்பு தானாக ஓடத் தொடங்குகிறதா என்று பலமுறை சோதித்தல் வேண்டும். தொடங்காத பம்பு எவ்வளவு மலிவாயினும் கொள்ளத்தக்கதன்று. 230 வோல்ட் பம்பு நீரில் மூழ்குமாயின், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனம் இன்றியமையாதது. அது மனிதரின் உயிரைக் காப்பது. இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, நீர் கலந்த வினிகரில் ஊறவைத்துச் சுண்ணப் படிவை அகற்றவேண்டும். பராமரிப்பற்ற உயர்ந்த பம்பைவிடப் பராமரிக்கப்படும் மலிவுப் பம்பு நீடித்து உழைக்கும்.

கல் பவளங்கள் அனைத்தும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையைச் சேர்ந்தவை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். இந்தியக் கடலிலிருந்து அவற்றை எடுப்பது குற்றமாகும். உரிய அனுமதி பெற்று அவற்றை வளர்க்கும் நிறுவனங்களின் பொறுப்பு அதனாலேயே பெரிது.

சுருங்கக் கூறின், நிதி குறைந்த இடத்தில் நல்ல காப்புள்ள இரு மலிவுப் பம்புகளும், மாற்றாக மூன்றாவது ஒன்றும் போதுமானவை. வெப்பம் மிக்க ஊரிலும், கிடைத்தற்கரிய பவளங்களை நெடுநாள் பேணவேண்டிய கூடத்திலும் உயர்ந்த பம்புக்குக் கொடுக்கும் விலை வீணாகாது. அங்கும் அது தனித்து நிற்கலாகாது. துணைக்கு ஒரு சாதாரணப் பம்பு, தனி மின் இணைப்பில், எந்நேரமும் இயங்கிக்கொண்டிருத்தல் வேண்டும்.